அம்மா தூங்கிய பிறகு

இரவு பத்து மணியானால் அம்மா சர்வரை அணைத்துவிட்டுத்தான் படுப்பாள். கூடத்தில், கதவுக்குப் பின்னால், அம்மாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்தது அந்தப் பெட்டி. இணைய இணைப்பு வீட்டுக்குள் நுழைகிற இடம் அதுதான் என்பதால் வேறெங்கும் வைக்க வழியில்லை. பகலெல்லாம் அது உறுமிக்கொண்டிருக்கும். பகலில் அம்மாவுக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. ராத்திரியானால் மட்டும், "இது இப்படி உறுமிக்கிட்டுக் கெடந்தா நான் எப்படிக் கண்ண மூடுறது? தீ கீ பிடிச்சா யார் பதில் சொல்றது?" என்று சுவரில் இருக்கும் சுவிட்சைப் பட்டென்று தட்டிவிடுவாள். இப்படித் திடீரென்று அணைத்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும் என்று மகள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அம்மா கேட்டுக்கொண்டே சுவிட்சைத் தட்டுவாள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது பள்ளிக்கூடங்களுக்குப் பாடவேளை அட்டவணை போட்டுத் தருகிற மென்பொருள். எந்த ஆசிரியர், எந்த வகுப்பில், எந்த மணி அடித்ததும் நுழைய வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும். ஓப்பன் சோர்ஸ். அதாவது பொதுக்கிணறு. யாரும் இறைத்துக்கொள்ளலாம், யாரும் தூர் வாரலாம், ஒருவரும் காசு கொடுக்க வேண்டாம். தூர் வாரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நாட்டுக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள். எழுதியதைச் சர்வருக்குள் ஏற்றுவதற்குக் கமிட் என்று பெயர். யாருடைய கணக்கிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்பதைப் பெட்டியே குறித்துவைத்துக்கொள்ளும். பெட்டி அணைந்திருந்தால் கமிட் போட முடியாது. பூமியின் மறுபக்கத்தில் பட்டப்பகலாக இருந்தாலும் முடியாது. அப்போதெல்லாம் அரட்டைக் குழுவில் ஒருவர், "அம்மா தூங்கியாச்சு" என்று எழுதுவார். "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று இன்னொருவர் எழுதுவார். உலகத்தில் எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு விதி இருந்திருக்காது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் சர்வரம்மா.

மகளுக்கு அவர்கள் வைத்த பெயர் தங்கச்சி. ஏனென்றால் இதைத் தொடங்கிவைத்தவன் அவளுடைய அண்ணன்.

தொடங்கிவைத்தான் என்பது உண்மை. அதை அவளும் மறுக்க மாட்டாள். முதல் ஆறேழு மாதம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அவன்தான் எழுதினான். பிறகு அவனுக்குப் பெரிய ஆபீஸில் வேலை கிடைத்தது. வாசலிலேயே கைப்பேசியை வாங்கிவைத்துக்கொண்டு உள்ளே விடுகிற ஆபீஸ். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அதே வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கூடிப் பேசவில்லை. மகள் வேலையை விட்டாள். அம்மாவை நடக்கவைத்த நேரம் போக மிச்ச நேரத்தில், அண்ணன் பாதியில் போட்டுவிட்டுப் போன மென்பொருளைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் விடவில்லை.

சர்வரில் எழுதும் உரிமை மூன்றே பேருக்கு இருந்தது. அண்ணன் ஒருவன். இன்னொரு நாட்டில் இருந்த தாடிக்காரர் ஒருவர்; மற்றவர்கள் எழுதியதை அவர்தான் வாங்கி ஏற்றுவார். மூன்றாமவர் போன இடம் தெரியவில்லை. தனக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று தங்கச்சி ஒரு தடவை கேட்டாள். "ஒரே வீட்டுக்குள்ள எதுக்கு ரெண்டு சாவி? என்னுதுலயே போடு" என்றான் அண்ணன். அப்போது அது பாசமாகத்தான் தெரிந்தது. கல்யாணமாகி அவன் தனி வீடு போனபோதும் சாவி மாறவில்லை. எழுதியது அவள், பெயர் அவனுக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, இங்கே நெய்யும் வீட்டுக்குள்ளிருந்தே போனது. அண்ணனின் கல்யாணத்தன்று, ஏதோ ஒரு பள்ளிக்கூடம் மறுநாள் திறக்க முடியாமல் தவிக்கிறது என்று செய்தி வந்து, மண்டபத்துப் பின்னறையில் பட்டுப்புடவை மடிமேல் கணினியை வைத்துக்கொண்டு அவள் இரண்டு கமிட் போட்டாள். மாப்பிள்ளை மேடையில், மாப்பிள்ளையின் கமிட் சர்வரில்! அன்றைக்கு எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

வருடங்கள் போய், புதிதாக வந்த பிள்ளைகள் கமிட்டுகளைக் குறித்துவைக்கிற பழைய எஸ்.வி.என். முறையைக் கண்டு மூக்கைச் சுளித்தார்கள். கிட் என்கிற புது முறைக்கு மாறினால்தான் ஆச்சு என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. பழைய முறையில் நோட்டு ஒன்றே ஒன்றுதான். அது அம்மாவின் தலைமாட்டில் இருக்கும், எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கே வந்துதான் எழுத வேண்டும். கிட்டில் ஆளுக்கு ஒரு முழு நோட்டு. முதல் நாள் முதல் வரியிலிருந்து எல்லாம் எல்லோர் கையிலும் இருக்கும். பிற்பாடு யாராவது பழைய பக்கத்தில் கை வைத்தால் அடுத்தவர் நோட்டோடு ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பழைய வரலாற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிற அந்த ஒரு தடவைதான் எதையும் சரிசெய்யலாம். அதன்பிறகு, எல்லோரும் தங்கள் நோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக நகல் எடுத்தாலொழிய, கல்லில் வெட்டியதுதான்.

மாற வேண்டும் என்று கைதூக்கியவர்கள் அத்தனை பேர். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்டதும் கூட்டம் ஊமையாகிவிட்டது. "தங்கச்சி செஞ்சிடுவாங்க" என்றார் தாடிக்காரர். தங்கச்சி செய்தாள். பாதி வழியில் நின்றுபோவதும், பழைய எழுத்துருவில் எழுதிய குறிப்புகள் பூச்சி பூச்சியாக வந்து விழுவதும், எப்போதோ ஒருவர் தப்பான இடத்தில் ஏற்றிவைத்த படங்களால் எல்லாம் தடம் புரள்வதுமாக இழுத்தடித்தது. அவளுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு பழைய கமிட்டும் கண் முன்னே ஓடும்போது, இதை எழுதிய அன்றைக்கு அம்மா முதல்தடவை கம்பில்லாமல் நடந்தாள், இதை எழுதிய அன்றைக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன் என்று அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு வேலைக்கு நேர்முகம் போனாள். அம்மா இப்போது தானாக நடக்கிறாள், சமைக்கிறாள். இனி வெளியே போகலாம் என்று தோன்றியது. பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கிற சின்ன நிறுவனம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேலாளர் நல்ல பெண்மணி. அவளை அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார். பிறகு திரையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது.

"மோதல் பாக்குற பகுதி நீங்க எழுதினதுன்னு சொல்றீங்க. எங்களுக்கும் அதான் பெரிய தலைவலி. ஆனா உங்க பேரைப் போட்டுத் தேடினா ஒண்ணுமே இல்லையே?"

"எல்லாம் எங்கண்ணன் கணக்குல போயிருக்குங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி நிறைய பேர் வந்து சொல்றாங்க." மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "கிட்டுக்கு மாத்திக்கிட்டிருக்கோம்னு சொன்னீங்கள்ல? மாத்தி முடிச்சதும் எனக்கு அனுப்புங்க. அதுல உங்க பேர் இருந்துட்டா அப்புறம் பேச்சே இல்ல. அதுவரைக்கும் இடத்த நிறுத்தி வெக்கிறேன்."

மோதல் பார்க்கிற பகுதிதான் அந்த மென்பொருளின் உயிர். ஒரே ஆசிரியரை ஒரே வேளையில் இரண்டு வகுப்பில் போட்டுவிட்டால் அது கட்டத்தைச் சிவப்பாக்கி, 'இவர் இதே நேரத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறார்' என்று சொல்லும். அந்த வாக்கியத்தை எழுதியவளே தங்கச்சிதான். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்த வாக்கியத்தை அண்ணன்மேல் வைத்துப் பார்த்தாள். வேலைநாள் பகலில் அவன் எங்கே இருந்தான்? கைப்பேசிகூட உள்ளே விடாத ஆபீஸில். வேலைநாள் பகலில் கமிட் எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து. ஒரு ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. வேலைநாள் பகலில் வந்த கமிட் எல்லாம் தங்கச்சிக்கு. சாயங்காலத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் வந்தவை அண்ணனுக்கு. சந்தேகம் வந்தால் அதுவும் அண்ணனுக்கே. நாலு வரியில் விதியை எழுதி, மாற்றும் வேலையோடு சேர்த்துவிட்டாள். ஓடி முடித்தபோது அண்ணனுக்கு மிஞ்சியது தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான்.

அதைச் சொல்லாமல் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணன் சிரித்த முகக்காரன். மாநாடுகளில் மேடையேறி, இந்த மென்பொருள் பிறந்த கதையை அவன் சொன்னால் கூட்டம் கைதட்டும். அதைக் கேட்டுத்தான் இப்போதைய நிறுவனம் போன வருடம் அவனைப் பழைய ஆபீஸிலிருந்து இழுத்து, தலைவர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டது. அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள். அவன் திரையை மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தான். காபி ஆறியது.

"இவ்ளோவா?" என்றான்.

"இவ்ளோதாண்ணா. கூடக் குறைய ஒரு வரி இல்ல."

"எங்க கம்பெனி இதுக்கு ஸ்பான்சர் பண்ணப்போகுது, தெரியும்ல? வக்கீல் உக்காந்து ஒவ்வொண்ணா பாப்பார்."

"பாக்கட்டும்."

"நான் எழுதினேன்னுதானே என்னை எடுத்தாங்க!"

"அப்ப எல்லாம் உன் பேர்லயே இருக்கட்டும்னு வெச்சுக்கோ. வக்கீல் அடுத்து என்ன கேப்பார்? பகல் பதினோரு மணிக்கு நீ ஆபீஸ்ல இருந்தியா, கமிட் போட்டுக்கிட்டு இருந்தியான்னு கேப்பார். ஆபீஸ் நேரத்துல எழுதறதெல்லாம் ஆபீஸுக்குச் சொந்தம்னு பழைய எடத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க. மென்பொருளே அவங்களுதுன்னு ஆயிடும்."

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரு பக்கம் போனால் தங்கையை ஏமாற்றியவன், மறுபக்கம் போனால் முதலாளியை ஏமாற்றியவன். இருதலைக் கொள்ளி எறும்பு. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவம் பார்த்ததுதான் அவள் செய்த தப்பு.

"சரி," என்றான் கடைசியில், அவள் தலையில் லேசாகத் தட்டி. "கடைசியா ஏத்துறது என் கணக்குலேர்ந்துதானே? குடுத்துட்டுப் போ. ஒரு தடவை பாத்துட்டு நானே ஏத்திடறேன்."

நாலு நாள் அவன் ஏற்றவில்லை. அம்மாவுக்கு மட்டும் தினமும் போன் வந்தது. ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டே அம்மா தொடங்கினாள்.

"அவன் ரொம்ப உடைஞ்சு போயிருக்கான். கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன? அவனுக்குக் குடும்பம் இருக்கு. உனக்கென்ன, நீயும் நானும்தானே?"

"நீயும் நானும்னா நமக்கு வயிறு இல்லையாம்மா?"

"நான் அப்படிச் சொல்லல."

"நான் அவனுதை எடுக்கல. என்னுதை என்னுதுன்னு போட்டிருக்கேன். அதுக்கே இவ்ளோ ஒப்பாரியா?"

அம்மா ஒரு தலையணை உறையை எடுத்து நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மறுவாரம் அண்ணன் ஏற்றினான். குழுவுக்கு ஒரு கடிதமும் போட்டான்: 'நண்பர்களே, நாம் கிட்டுக்கு மாறிவிட்டோம். தங்கச்சியின் மாற்றத்தில் சில கோளாறுகள் இருந்தன. பழைய சர்வரின் கடிகாரப் பிழையும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் சரிசெய்துவிட்டேன். அயராது உழைத்த தங்கச்சிக்கு நம் எல்லோரின் நன்றி.'

அவள் திறந்து பார்த்தாள். அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவள் எழுதியதெல்லாம் அண்ணன் பெயரில் இருந்தது. அது மட்டுமில்லை. காலை பதினோரு மணிக்கு அவள் போட்டது இரவு பதினொன்றாகியிருந்தது. பிற்பகல் ஒன்றேகாலுக்குப் போட்டது நள்ளிரவு தாண்டி ஒன்றேகாலாகியிருந்தது. பட்டப்பகல் முழுவதையும் தூக்கி ராத்திரிக்குள் போட்டிருந்தான். அலுவலகம் முடிந்து வீடு வந்து, உலகம் தூங்கும்போது கண்விழித்து எழுதிய தியாகி ஆகியிருந்தான். வக்கீல் இனி என்ன கேட்க முடியும்? கல்யாணத்தன்று பின்னறையில் அவள் போட்ட இரண்டு கமிட்டும் தப்பவில்லை. புதுக் கணக்குப்படி மாப்பிள்ளை முதலிரவில் கமிட் போட்டிருந்தார்.

முதலில் அவள் மேலிருந்து கீழே மறுபடி தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு, கூடத்தில் அம்மா இருமும் சத்தம் கேட்டதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தப் பெட்டியில் கமிட்டா? பத்துக்கு அம்மா அணைத்துவிடுவாளே! தனிக்குடித்தனம் போனவனுக்கு அது மறந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான்; அதுவும் அந்தச் சோற்றை இத்தனை வருடம் உண்டவர்களின் கண்ணெதிரே. 'அம்மா தூங்கியாச்சு' என்று எழுதி எழுதிக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் கேட்டுவிடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

ஒருவரும் கேட்கவில்லை. கடிதத்துக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. கைதட்டல் படங்கள் வந்தன. 'வரலாற்று நாள்' என்று ஒருவர் எழுதினார். 'ஸ்பான்சர் வந்ததும் நல்ல சர்வர் கிடைக்கும்' என்று இன்னொருவர் எழுதினார்.

இரண்டு நாள் பொறுத்துவிட்டுத் தாடிக்காரருக்கு அவளே போன் செய்தாள்.

"பாத்தேன் தங்கச்சி," என்றார் அவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "என் கமிட்டெல்லாம் பழைய நேரத்துலயே இருக்கு. கடிகாரம் உங்கண்ணனுக்கு மட்டும் தப்பா ஓடுமா?"

"அப்ப ஏன் சார் சொல்லல?"

அந்தப் பக்கம் தாடியைச் சொறியும் சத்தம் கேட்டது. "எல்லாரும் நகல் எடுத்துட்டாங்களே. இப்ப மாத்தினா அத்தனை பேரும் மறுபடி எடுக்கணும். அரை நாள் வேலை கெடும். முணுமுணுப்பாங்க."

"எனக்குப் பன்னெண்டு வருஷம் சார்."

"புரியுது. தப்பா நெனைக்காதீங்க. நான் சொன்னா, உங்கண்ணனுக்கும் எனக்கும் ஏதோ தகராறுன்னு ஆயிடும். ஸ்பான்சர் வேற வர்ற நேரம்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுவோம். இந்த மாசக் கூட்டத்துல நான் சும்மா பேச்சுவாக்குல அம்மாவைக் கேக்குறேன். ராத்திரி சர்வர் ஓடாதுன்னு அவங்க வாயால சொல்லிட்டா போதும். சர்வரம்மா சொன்னா யாரு மறுத்துப் பேசப்போறா? அப்புறம் எல்லாத்தையும் நீங்க மாத்தினபடியே மாத்திடலாம். உங்க மேலாளருக்கும் நானே எழுதித் தர்றேன்."

அவர் பயந்தாங்கொள்ளி என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்ன வழி நல்ல வழியாகத்தான் பட்டது. எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஒரே ஒரு வாய் திறந்தால் போதும். அதுவும் பெற்ற தாயின் வாய்.

அன்று சாயங்காலம் அம்மா பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னைக்காவது இதை அணைக்காம படுத்திருக்கியா?"

"இதென்ன கேள்வி?" அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "உங்கப்பா போன அன்னிக்குக்கூட இதை அணைச்சிட்டுத்தான் வந்து உக்காந்தேன். உங்கண்ணன் கல்யாணத்தன்னிக்கு, மண்டபத்துலேர்ந்து வந்த களைப்புல எல்லாரும் அப்படியே விழுந்தீங்க. அப்பவும் நான்தான் எழுந்து வந்து அணைச்சேன். என்னைப் போய்க் கேக்குற!"

"அதை நாளைக்குக் கூட்டத்துல உன்னைக் கேப்பாங்க. இதே மாதிரி சொல்லு, போதும்."

"உள்ளதைச் சொல்றதுக்கு என்ன? சொல்றேன்."

ராத்திரி அண்ணனிடமிருந்து போன் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துணி காயும் கொடிக்கு நடுவே நின்று பேசினாள். பேசினாள் என்பதைவிடக் கேட்டாள் என்று சொல்லலாம். "ம்", "ம்", "சரி", "அழாதடா" என்பது மட்டும் காதில் விழுந்தது. தங்கச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள். சர்வரை அணைத்த பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்தாள்.

மறுநாள் கூட்டம். திரையில் சன்னல் சன்னலாக முகங்கள் வந்தன. அண்ணன் அலுவலகத்திலிருந்தே வந்திருந்தான், சட்டை மடிப்புக் கலையாமல், பின்னால் நிறுவனத்தின் சின்னத்தோடு. புதிய பிள்ளைகள் கிட்டைப் பற்றிச் சலசலவென்று பேசினார்கள். தாடிக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு மூன்றாம் தடவைதான் பேசினார்.

"சர்வரம்மா இருக்காங்களா? இந்தப் பழைய பெட்டிக்கு ஒரு விடை குடுத்து அனுப்பணுமே."

தங்கச்சி நாற்காலியை விட்டு எழுந்து அம்மாவை உட்கார வைத்தாள். எல்லோரும் கையசைத்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினாள்.

"ஒரு சந்தேகம்மா," என்றார் தாடிக்காரர், சிரிப்பதுபோல. "ராத்திரி பத்து மணிக்கு மேல இந்தச் சர்வர் எப்பவாவது ஓடியிருக்கா?"

அம்மா கேள்வி கேட்டவரைப் பார்க்கவில்லை. அத்தனை சன்னல்களிலும் மகனின் சன்னலைத் தேடிக் கண்டுபிடித்து, அதையே பார்த்தாள்.

"ஓடுமே," என்றாள். "வயசாச்சுல்ல தம்பி. பாதி நாள் அணைக்க மறந்துடுவேன். அது பாட்டுக்கு விடிய விடிய ஓடிக்கிட்டுக் கெடக்கும்."

ஒருவர் வீட்டில் நாய் குரைத்தது. பிறகு தாடிக்காரர், "ஓ... அப்படியா? சரி சரி. அப்ப ஒரு குழப்பமும் இல்ல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒவ்வொரு சன்னலிலும் அந்த நிம்மதி பரவியதை அவள் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். 'அம்மா தூங்கியாச்சு' என்று எழுதிய கைகள், 'நாளைக்குப் பாக்கலாம்' என்று எழுதிய கைகள், எல்லாம் அங்கேதான் இருந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். இனி யாரும் எதையும் மறுபடி நகல் எடுக்க வேண்டாம்.

"மாத்திரை போட்டியாம்மா?" என்று அண்ணன் தன் சன்னலிலிருந்து கேட்டான். அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

கூட்டம் முடிந்து திரை கறுத்ததும் அவள், "ஏம்மா?" என்றாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நீ கெட்டிக்காரி. உனக்கு இது இல்லன்னா இன்னொண்ணு. அவனுக்கு வேற என்னடி தெரியும்?"

அதைக் கேட்டதும் அவளுக்கு எரிந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. யார் எழுதியது, யார் எழுதவில்லை, யார் உழைத்தது, யார் மேடையேறியது என்று அத்தனையும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம்.

மேலாளருக்கு அவள் எழுதினாள்: மாற்றம் முடிந்தது, என் பெயர் அதில் இல்லை. தங்கள் நேர்மைக்கு நன்றி, இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. தாடிக்காரர் ஒன்றும் எழுதித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏதோ ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புக்கு ஒரே ஆசிரியர் விழுந்துவிட்டார் என்று குழுவில் ஒரு புகார் வந்தது. 'தங்கச்சி பார்த்துக்குவாங்க' என்று யாரோ கீழே எழுதினார்கள். அவள் பதில் போடாமல் கணினியை மூடிவிட்டாள்.

அன்று இரவு பத்து மணிக்கு அம்மா வழக்கம்போலக் கதவைத் தாழிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுத்துவைத்து, கூடத்து விளக்கை அணைத்தாள். அடுத்து கை தானாகச் சர்வரின் சுவிட்சுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. உள்ளறையில் படுத்திருந்த தங்கச்சிக்குத் திறந்த கதவு வழியே அது தெரிந்தது. அம்மா கையை இழுத்துக்கொண்டாள். சுவிட்சைத் தொடாமல் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

இனி அந்தப் பெட்டியை நம்பி எவரும் இல்லை. எவரும் அதற்குள் வரப்போவதில்லை. ஆனாலும் அது உறுமிக்கொண்டே இருந்தது. கட்டில் கிரீச்சிட்டது, அம்மா இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள், போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சொன்ன வார்த்தையை மெய்யாக்கக் கிழவி தூக்கத்தையும் விடத் துணிந்துவிட்டாள்.

அணைத்துவிடு என்று அம்மா ஒரு குரல் கொடுத்தால் எழுந்து போகலாம் என்று தங்கச்சி காத்திருந்தாள். அம்மா கூப்பிடவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.